பழைய காரின் எஞ்சின் சூடேற மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பசியாற உட்கார்ந்தால், முதல் ரொட்டி சானாய் மேசைக்கு வருவதற்குள் பேச்சு 'சூடேறுது' என்பதில் வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் ஒருவர், "என் கார்ல சூட்டு மீட்டர் ஊசி மேலேயே வர மாட்டேங்குது" என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். "உனக்கென்னப்பா, கொடுத்து வைத்தவன்!" நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். என்னிடம் இருப்பது அப்பா விட்டுப்போன டட்சன் 120வை. செந்தூலிலிருந்து காராக் ஹைவே ஏறி எத்தனை தடவை போய் வந்தாலும் ஊசி குளிர்ச்சியைக் காட்டும் 'சி' எழுத்தை ஒட்டியே படுத்திருக்கும். அது எப்போதோ வந்த ஒரு நோயின் தழும்பு என்று எனக்குப் புரிய நாளானது. அதிலிருந்து நண்பர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. கையில் கறை படிந்து கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான்.

கோலாலம்பூர் வெயிலில் ஓர் எஞ்சின் தேவையைவிடக் குளிர்ச்சியாக ஓட முடியுமா?

தானாக ஓடாது. இங்கே பகலில் 32, 33 டிகிரி. விடியற்காலையில்கூட 24க்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிர் நாட்டில் பனிக்காற்று ரேடியேட்டரில் அறைந்து எஞ்சினைக் குளிர வைக்கலாம். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஆகவே இங்கே ஊசி கீழேயே கிடந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் சின்னக் கதவு) இல்லாமலோ திறந்தபடியே சிக்கியோ கிடக்கிறது; இல்லையென்றால் மீட்டர் பொய் சொல்கிறது. மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் பின்னால் வரிசையில் நிற்பவை.

எத்தனை டிகிரி இருந்தால் சரி?

தெர்மோஸ்டாட் எந்தச் சூட்டில் திறக்கிறதோ அதை ஒட்டித்தான் எஞ்சின் ஓட வேண்டும். மோரிஸ் மைனர், மினி போன்ற கார்களின் ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு வழக்கமானது 82 டிகிரி. வெப்ப நாட்டுக்கு 74, குளிர் நாட்டுக்கு 88 என்றும் கொடுத்தார்கள். டட்சனில் பொதுவானது 82, வெப்ப மண்டலத்துக்கு 76.5, கடுங்குளிருக்கு 88. பழைய வால்வோ, டொயோட்டாவும் இந்த வட்டாரத்தில்தான் நிற்கும். ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போது தண்ணீர் 80க்கும் 90க்கும் இடையில் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. 70ஐத் தொடவே இல்லை என்றால் தேடத் தொடங்குங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில பழைய மீட்டர்களில் இருப்பது ஃபாரன்ஹீட். ஒரு நண்பர் 180ஐப் பார்த்துப் பயந்துபோய் நடு ராத்திரியில் எனக்குப் போன் போட்டார். 180 ஃபாரன்ஹீட் என்றால் 82 செல்சியஸ். அவர் கார் உலகத்திலேயே ஒழுங்கான கார்.

குளிர்ச்சியாக ஓடினால் எஞ்சினுக்கு நல்லதுதானே அண்ணே? சூடுதானே எஞ்சினைக் கொல்லும்?

சூடு ஒரு மத்தியானத்தில் கொல்லும். குளிர்ச்சி பத்து வருஷம் எடுத்துக்கொண்டு கொல்லும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலுக்கு இறங்கும். ஆயில் நன்றாகச் சூடாக இருந்தால் அந்த ஈரம் மறுபடி ஆவியாகி பிரீதர் வழியே வெளியேறும். ஆயில் வெதுவெதுப்பாகவே இருந்தால் ஈரம் அங்கேயே தங்கி, எரிந்த வாயுவில் இருக்கும் அமிலத்தோடு சேர்ந்து கறுப்புச் சேறாகிறது. கேம் ஷாஃப்டையும் பேரிங்கையும் அரிப்பது அந்தச் சேறும் அமிலமும்தான்.

இன்னொரு பக்கம், கார்புரேட்டர் அனுப்பும் பெட்ரோல் குளிர்ந்த சிலிண்டர் சுவரில் முழுதாக ஆவியாகாமல் துளித்துளியாக ஒட்டும். அது சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பிறகு ரிங்கும் சுவரும் வெறுமனே உரசிக்கொள்ளும். கழுவிய பெட்ரோல் கீழே போய் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் இதுதான் நடக்கிறது. ஸ்பார்க் பிளக் கரி பூசியிருக்கும். சோக்கைக் கொஞ்சம் இழுத்து வைத்தால்தான் ஒழுங்காக இழுக்கும். பெட்ரோல் அடிக்கிற செலவும் கூடும். ஆனால் பழைய கார் வைத்திருப்பவர்கள் அந்தக் கணக்கை மனைவியிடம் சொல்வதில்லை என்பதால் அதை அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது.

எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவது? என்னிடம் கருவி எதுவும் இல்லை.

உள்ளங்கை போதும். காரை ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது பாருங்கள். பானட்டைத் திறந்து, எஞ்சினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகும் பெரிய ஹோஸில் கையை வையுங்கள். விரலும் சட்டை நுனியும் ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் முதலில் சில நிமிடம் அந்த ஹோஸ் பச்சைத்தண்ணீர் போலவே இருக்கும், எஞ்சின் உடம்பு மட்டும் சூடாகிக்கொண்டே போகும். அப்புறம் திடீரென்று, அரை நிமிடத்துக்குள், கை வைக்க முடியாத அளவுக்கு ஹோஸ் சூடாகும். அதுதான் கதவு திறந்த நேரம். இந்தத் திடீர் மாற்றத்தை ஒருமுறை கையில் உணர்ந்துவிட்டால் மறக்காது.

ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்திலிருந்தே ஹோஸ் கொஞ்சம் கொஞ்சமாக, எஞ்சினோடு சேர்ந்து சூடாகிக்கொண்டு வந்தால் கதவு திறந்தே கிடக்கிறது. அல்லது கதவே இல்லை.

மேலைநாட்டுப் புத்தகங்களில் 'ஹீட்டரைப் போட்டுப் பார், காற்று சூடாக வருகிறதா' என்று எழுதியிருக்கும். நம் ஊர்ப் பழைய கார்கள் பலவற்றில் ஹீட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஏர்கோன் போட்டுவிட்டார்கள். அதனால் நமக்கு உள்ளங்கைதான்.

மீட்டர் பொய் சொல்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீட்டரில் இரண்டு ஜாதி உண்டு. முதல் ஜாதியில் மீட்டரிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய் எஞ்சின் வரைக்கும் போகும், அதன் முனையில் ஒரு குமிழ். உள்ளே ஈதர் இருக்கும். சூட்டில் அதன் அழுத்தம் கூடி ஊசியை நகர்த்தும். குழாய் எங்காவது மடிந்து விரிசல் விட்டால் ஈதர் போய்விடும், ஊசி செத்துப்போய்க் கீழேயே கிடக்கும். குமிழைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பாருங்கள். கோலாலம்பூர் கடல் மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லை, அதனால் இங்கே தண்ணீர் கொதிப்பது கிட்டத்தட்ட 100 டிகிரியில். ஊசி அங்கே நிற்க வேண்டும். இதே சோதனையைக் கேமரன் மலையில் தானா ராத்தாவில் செய்தால் 95ஐ ஒட்டித்தான் காட்டும்; அங்கே வைத்து மீட்டரைக் குறை சொல்லாதீர்கள்.

இரண்டாவது ஜாதி மின்சாரத்தில் ஓடுவது. எஞ்சினில் ஒரு சென்சார் திருகியிருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், ஊசி ஏறும். ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டு, சென்சாரின் ஒயரைக் கழற்றி எஞ்சினின் வெறும் இரும்பில் ஒரு நொடி தொட வையுங்கள். ஊசி சூட்டுப் பக்கம் எழுந்து ஓடினால் மீட்டரும் ஒயரும் நல்லவை. சென்சார் கெட்டிருக்கிறது, இல்லை எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறது. ஊசி அசையவில்லை என்றால் கோளாறு மீட்டர் பக்கம். நீண்ட நேரம் தொட்டுக்கொண்டிருக்காதீர்கள், மீட்டர் எரிந்துவிடும்.

சென்சார் புதிதாக மாற்றியிருந்தால் அதன் மரையைப் பாருங்கள். தண்ணீர் கசியக் கூடாது என்று குழாய்க்காரர் மாதிரி வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருப்பார்கள். சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் கிடைக்கிறது. டேப் அதைத் தடுத்தால் தடை கூடி, ஊசி உண்மையைவிடக் கீழே காட்டும்.

பெட்ரோல் மீட்டரும் அதே நேரத்தில் குறைவாகக் காட்டுகிறதா? அப்படியென்றால் எஞ்சினை விட்டுவிடுங்கள். பிரிட்டிஷ் கார்களில் டேஷ்போர்டுக்குப் பின்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பாட்டரியின் 12 வோல்ட்டைச் சராசரி 10 வோல்ட்டாக்கி இரண்டு மீட்டருக்கும் கொடுப்பது அதன் வேலை. அது கெட்டால் இரண்டு ஊசியும் சேர்ந்தே தப்பு செய்யும். ஜப்பான் கார்கள் பலவற்றில் அதே வேலைக்கானது மீட்டருக்குள்ளேயே இருக்கும்.

ஜாமில் நின்றுகொண்டிருந்தபோது ஊசி திடீரென்று மளமளவென்று கீழே விழுந்தது. எஞ்சின் தானாகக் குளிர்ந்துவிட்டதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

உடனே ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஜாமில் நிற்கிற எஞ்சின் திடீரென்று குளிர வழியே இல்லை. சென்சார் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். ஹோஸ் வெடித்தோ வாட்டர் பம்ப் ஒழுகியோ தண்ணீர் குறைந்துபோனால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும், ஊசி 'ரொம்பக் குளுகுளு' என்று சொல்லும். எஞ்சின் ஹெட் வளைந்துபோன எத்தனையோ கார்களின் கதை 'மீட்டர் நல்லாத்தானே காட்டிச்சு' என்றுதான் தொடங்கும்.

ரேடியேட்டர் மூடியை அப்போதே திறக்காதீர்கள். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பார்க்கும் அளவுக்கு ஆறட்டும். முக்கால் மணி நேரம் ஆனாலும் பக்கத்து மமாக்கில் உட்கார்ந்து ஒரு தே தாரிக் குடியுங்கள்.

துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கினேன். மீட்டர் 80 காட்டுகிறது, துப்பாக்கி 48 காட்டுகிறது. எதை நம்புவது?

எந்த இடத்தில் குறிவைத்தீர்கள்? பளபளப்பான அலுமினியத்திலோ பித்தளையிலோ குறிவைத்தால் அந்தக் கருவி ஏமாந்துபோகும். மின்னும் உலோகம் தன் சூட்டைச் சரியாக வெளியே காட்டாது, சுற்றுப்புறத்தைத்தான் பிரதிபலிக்கும். தெர்மோஸ்டாட் மூடியில் ஒரு துண்டு கறுப்பு ஒயர் டேப்பை ஒட்டி, ஒரு சாண் தூரத்திலிருந்து அந்த டேப்பைக் குறிவையுங்கள். தண்ணீரின் உண்மையான சூட்டைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் வரும். ஆனாலும் 60க்கும் 80க்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை! யாராவது திருடிவிட்டார்களா?

இல்லை, யாரோ உங்களுக்கு நல்லது செய்திருக்கிறார்கள்.

என் டட்சனிலும் இப்படித்தான். போல்ட்டுகளோடு மல்லுக்கட்டி மூடியைத் தூக்கினால், கீழே வெறும் குழி, ஓரத்தில் யாரோ தாராளமாகப் பூசிய சிவப்பு சிலிக்கோன். அம்மாவிடம் கேட்டேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி பத்துமலைக்குப் போகும் வழியில் கார் கொதித்து நின்றுவிட்டதாம். அப்பா அடுத்த நாள் ஒரு போர்மேனிடம் கொண்டுபோயிருக்கிறார். அவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப்போட்டுவிட்டு, "குளிர் நாட்டுக்காரன் போட்ட சாமான் சார், நமக்கு எதுக்கு?" என்று அனுப்பிவிட்டார். கார் அதன்பிறகு கொதிக்கவில்லை. அப்பாவுக்கு அந்தப் போர்மேன் மேல் கடைசி வரைக்கும் மரியாதை.

அந்த வைத்தியம் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு நடந்தது. ஜாமில் சூடேறினால் முதலில் பலி கொடுப்பது தெர்மோஸ்டாட்டைத்தான். அதை எடுத்ததும் தண்ணீர் தடையில்லாமல் ஓடும், பாதி அடைத்த ரேடியேட்டரும் சமாளித்துவிடும், ஊசி இறங்கும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். ஆனால் ரேடியேட்டரில் இருந்த அடைப்பு அப்படியே இருக்கும். நீங்கள் இன்றைக்குப் பார்க்கும் குளிர்ந்த எஞ்சினுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பழைய கொதிப்பு ஒளிந்திருக்கிறது. ஆகவே தெர்மோஸ்டாட்டை மறுபடி போடுவது பாதி வேலைதான்.

தெர்மோஸ்டாட் இல்லாமலே என் கார் ஹைவேயில் குளிர்கிறது, ஜாமில் கொதிக்கிறது. இரண்டும் எப்படி ஒரே காரில்?

உங்கள் எஞ்சினில் பைபாஸ் வழி இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவர ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார்கள். பழைய பென்ஸ் போன்ற சில கார்களில் தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு இருக்கும்: மேல் கதவு ரேடியேட்டருக்குத் திறக்கும்போது, கீழ்த் தட்டு அந்தக் குறுக்கு வழியை மூடும். மொத்தத்தையும் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பும். ஹைவேயில் காற்று தாராளம், அதனால் தெரியாது. ஜாலான் கூச்சிங்கில் சாயங்காலம் ஆறு மணிக்கு நிற்கும்போது தெரியும்.

இந்த வகை கார்களுக்குச் சரியான தெர்மோஸ்டாட்டைப் போட்டாலே கொதிப்பும் குறையும். போர்மேனிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்.

"தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும், குளிர நேரம் இருக்காது" என்கிறார்களே?

கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையில்லை. அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரேடியேட்டரில் நிற்கும் நேரம் குறைந்தால் எஞ்சினில் நிற்கும் நேரமும் குறைகிறது. ஓட்டம் கூடினால் சூடு கைமாறுவது கூடத்தான் செய்யும். தெர்மோஸ்டாட்டின் குறுகிய வாயால் கிடைக்கும் வேறொரு நன்மை உண்டு: அதற்குப் பின்னால் எஞ்சினுக்குள் தண்ணீரின் அழுத்தம் கொஞ்சம் கூடும், வால்வைச் சுற்றியுள்ள சூடான மூலைகளில் தண்ணீர் குமிழியிட்டுக் கொதிப்பது குறையும். ரேஸ்காரர்கள் ஏ-சீரிஸ் எஞ்சினில் தெர்மோஸ்டாட்டை எடுத்தாலும் அந்த இடத்தில் ஓர் உலோக வளையத்தைச் செருகுவார்கள். வெறும் குழியாக விடமாட்டார்கள்.

தெர்மோஸ்டாட் இருக்கிறது. நல்லதா கெட்டதா என்று பார்ப்பது எப்படி?

முதலில் வெறும் கண்ணால். பச்சைத்தண்ணீர்ச் சூட்டில் அது முழுதாக மூடியிருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கதவோரம் கீற்று தெரிந்தால் குப்பைக்குப் போகட்டும். கதவில் யாராவது டிரில்லால் ஓட்டை போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். காற்று வெளியேற ஒரே ஒரு சின்ன ஓட்டை இருந்தால் பரவாயில்லை. நான் ஒன்றில் ஆறு ஓட்டை பார்த்திருக்கிறேன், இடியாப்ப அச்சு மாதிரி. அது இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

பிறகு அடுப்பு. சமையலறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி நடுவில் தொங்கவிடுங்கள். சட்டியின் அடியைத் தொடக் கூடாது, அடிப்பகுதி தண்ணீரைவிடச் சூடு. ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும். தணலை மெதுவாக ஏற்றுங்கள். மேலே முத்திரை குத்தியிருக்கும் எண்ணை ஒட்டிக் கதவு அசையத் தொடங்க வேண்டும். 82 என்றிருந்தால் ஓரிரு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி எடுக்கும். அப்போது கதவு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் எழும்பியிருக்கும். அடுப்பை அணைத்து, ஆறும்போது திரும்ப இறுக மூடுகிறதா என்றும் பாருங்கள். குளிர்ந்து ஓடும் காருக்கு இந்தக் கடைசிப் பாதிதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் பார்க்காமல் விடுவார்கள்.

புதிதாக வாங்கியதையும் சட்டியில் போட்டுப் பார்த்துவிட்டே மாட்டுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரிடம் சொல்லப்போவதில்லையே.

மிகப் பழைய மோரிஸ் மாதிரியான கார்களில் சூட்டில் விரிந்து கதவைத் தள்ளும் மெழுகுக்குப் பதிலாக, மடிப்பு மடிப்பாகச் சுருங்கி விரியும் உலோகத் துருத்தி வகை தெர்மோஸ்டாட் இருக்கும். துருத்தியில் ஓட்டை விழுந்தால் அது திறந்த நிலையிலேயே நின்றுவிடும். கார் நிற்காது, குளிர்ந்தே ஓடும்.

எந்த டிகிரி தெர்மோஸ்டாட் போடுவது? நம் ஊருக்கு 74 நல்லதில்லையா?

நான் 82 போட்டிருக்கிறேன். 76.5 அல்லது 74 போட்டாலும் எஞ்சின் கெட்டுப்போகாது, கம்பெனியே வெப்ப நாட்டுக்கென்று கொடுத்த எண்கள்தானே. ஆனால் குறைந்த எண் போட்டால் ஜாமில் கொதிக்காது என்று நம்பிப் போடாதீர்கள். ஜாமில் தண்ணீர் 95ஐத் தாண்டும்போது 74உம் முழுதாகத் திறந்திருக்கும், 82உம் முழுதாகத் திறந்திருக்கும். எஞ்சின் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பதைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். இதற்கு மேலே ஏறக் கூடாது என்பது ரேடியேட்டரின் பொறுப்பு. ஒருவர் வேலையை இன்னொருவரிடம் கேட்கக் கூடாது.

மாட்டும்போது மெழுகுக் குமிழும் ஸ்பிரிங்கும் இருக்கும் பக்கம் எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். கதவில் ஆடும் சின்ன ஆணி இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும், காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். பழைய கேஸ்கெட்டை முழுதாகச் சுரண்டி எடுங்கள். சிலிக்கோனை அப்பாதீர்கள்.

எலக்ட்ரிக் ஃபேனை 'டைரக்ட்' போட்டிருக்கிறேன், எப்போதும் ஓடும். அதனால்தான் குளிர்கிறதா? பெரிய அலுமினிய ரேடியேட்டரும் போட்டிருக்கிறேன்.

இரண்டும் காரணமில்லை. தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் ஃபேன் நாள் முழுக்கச் சுற்றினாலும், ரேடியேட்டர் லோரியினுடையதாக இருந்தாலும், கதவு பாதி மூடி எஞ்சினைக் காப்பாற்றிவிடும். டைரக்ட் போட்டதால் பாட்டரிக்கும் ஃபேன் மோட்டாருக்கும்தான் பாடு.

ஆயில் ஊற்றும் மூடிக்கடியில் வெள்ளையாகப் பசை இருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

அவசரப்பட்டு ஹெட்டைக் கழற்றாதீர்கள். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் ஆயிலாகவே இருந்து, மூடிக்கடியில் மட்டும் திரிந்த தேங்காய்ப்பால் மாதிரி ஒட்டியிருந்தால் அது ஈரம். சூடேறாத எஞ்சினும், வீட்டிலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓடும் காரும் இதைச் சேர்த்துவைக்கும். தெர்மோஸ்டாட்டைச் சரிசெய்து, ஆயிலை மாற்றி, ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓட்டினால் போய்விடும்.

டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் விட்ட மைலோ நிறத்தில் இருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு கதை. அந்தக் காரை ஓட்டாதீர்கள்.

கெந்திங்கிலிருந்து இறங்கும்போது ஊசி கீழே வருகிறது. கோளாறா?

கொஞ்சம் இறங்கினால் இயல்பு. இரண்டாவது கியரில், காலை எடுத்துவிட்டு இறங்கும்போது எஞ்சின் பெட்ரோலை மிகக் குறைவாகத்தான் எரிக்கிறது, ஆனால் வாட்டர் பம்ப் வேகமாகச் சுற்றுகிறது, மலைக்காற்றும் குளிர்ச்சி. நல்ல தெர்மோஸ்டாட் உடனே மூடிக்கொள்ளும், ஊசி கொஞ்சம் தாழ்ந்து அங்கேயே நிற்கும். அடிவாரம் வருவதற்குள் 'சி' வரைக்கும் படுத்துவிட்டால் கதவு சரியாக மூடவில்லை. மலை இறக்கம் ஓசியில் கிடைக்கும் நல்ல சோதனை.

ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை வைத்து மறைக்கச் சொல்கிறார் ஒருவர்.

அவர் பனி விழும் ஊரில் இருக்கிறாரா? அங்கே அது நடக்கும். இங்கே அட்டையோடு ஒரு ஜாமில் மாட்டினால் முடிந்தது.

என்னுடையது வோக்ஸ்வேகன் பீட்டல். காற்றால் குளிரும் எஞ்சின், தண்ணீரே இல்லை. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பீட்டலிலும் தெர்மோஸ்டாட் உண்டு என்பது அதன் சொந்தக்காரர்கள் பலருக்கே தெரியாது. சிலிண்டருக்குக் கீழே வலது பக்கம் ஒரு துருத்தி இருக்கும். சூட்டில் விரிந்து, ஃபேன் கூட்டுக்குள் இருக்கும் காற்றுத் தடுப்புகளைத் திறந்துவிடும். இங்கே அதையும் தடுப்புகளையும் சேர்த்தே கழற்றிவிட்டார்கள். வைத்திருப்பது நல்லது, எஞ்சின் சீக்கிரம் பதத்துக்கு வரும். ஆனால் தடுப்புகள் துருப்பிடித்து மூடியபடி சிக்கினால் எஞ்சின் வெந்துவிடும், ஆகவே அவை தடையில்லாமல் அசைகின்றனவா என்று கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

நீங்கள் சொன்னபடி தெர்மோஸ்டாட் போட்டேன். ஹைவேயில் அருமை. ஆனால் ஜாமில் இப்போது சூடேறுகிறது! திரும்பக் கழற்றிவிடலாமா?

எனக்கும் இதுதான் நடந்தது. புது தெர்மோஸ்டாட் போட்ட முதல் வாரம் காராக்கில் ஊசி நடுக்கோட்டில் ஆணி அடித்தது போல நின்றது. அப்பாவின் காரில் அதை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். இரண்டாவது வாரம் கெப்போங் பக்கம் ஒரு ஜாம், ஊசி முக்கால் தாண்டி ஏறியது. ஏர்கோனை அடைத்து, ஜன்னலை இறக்கி, வேர்க்க விறுவிறுக்க வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த ராத்திரி தெர்மோஸ்டாட்டைக் கழற்றத்தான் ஸ்பானரை எடுத்தேன், மறைக்கவில்லை. பிறகு யோசித்து ரேடியேட்டரையே கழற்றினேன். வருஷக்கணக்காக வெறும் பைப்புத் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர். கீழ் வாயை அடைத்து, தண்ணீரை நிரப்பி, சட்டென்று திறந்துவிட்டால் ஒரே பாய்ச்சலாகக் கொட்ட வேண்டும். என்னுடையது மூத்திரக் கோளாறு வந்த கிழவன் போல ஒழுகியது. ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியைப் பிரித்துக் காட்டினார்கள். குழாய்களில் பாதிக்கு மேல் துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து கல்லாகிக் கிடந்தது. பத்துமலைக்குப் போகும் வழியில் அப்பாவை நிறுத்திய அடைப்பு அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

அதனால் கழற்றாதீர்கள். ரேடியேட்டரைப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் வாட்டர் பம்பின் இறக்கை துருவில் தேய்ந்திருக்கிறதா, இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா, ஃபேன் பெல்ட் வழுக்குகிறதா என்று வரிசையாகப் போங்கள். முடிந்ததும் நல்ல கூலண்ட் ஊற்றுங்கள். நமக்கு உறையும் பயம் இல்லை, ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது.

என் கார் ரேடியேட்டரின் உள்கூட்டைப் புதிதாக மாற்றி, ஒரு மாதம் கழித்து அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துப் பத்துமலைக்குப் போனேன். அம்மா வழி முழுக்க மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். கோயில் வாசலில் இறங்கும்போது, "ஊசி நடுவுல நிக்குதே, சூடாகுதாடா?" என்றார்.